சாந்தி தேய்த்த கம்பிகள்

டேங்க்குக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். வெயில் முதுகைச் சுட்டது. மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர். காலையில் மோட்டார் நிற்காமல் ஓடி, டேங்க் நிரம்பி வழிந்து, மாடிப்படி வழியாக வாசல் வரை தண்ணீர் போயிருந்தது.

மோட்டாரைத் தானாக நிறுத்த நான் தொங்கவிட்டிருந்த கம்பிகளில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. எவர்சில்வர் கம்பி. வழவழவென்று இருக்க வேண்டியது, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி சொரசொரவென்று இருந்தது. வெளியே இழுத்துப் பார்த்தேன். முழுக்க வெள்ளை. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

போனில் என் மனைவி சாந்தி. ஓசூரில் மகள் வீட்டில் இருந்தாள். மகளுக்குப் பிரசவமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"டேங்க் ரொம்பி வழிஞ்சிடுச்சு. போர்டு போயிடுச்சா என்னன்னு தெரியல" என்றேன்.

பின்னால் குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொண்டே, உப்புப் போட்டீர்களா என்று கேட்பது மாதிரிக் கேட்டாள்.

"புளி போட்டுத் தேய்க்கலீங்களா?"

"எத?"

"அந்தக் கம்பிங்களத்தான். வெள்ளையாப் புடிச்சுக்குமே. வர்ற அவசரத்துல உங்ககிட்ட சொல்லாம வந்துட்டேன். புளியக் கரைச்சு அதுல ஊற வெச்சுத் தேயுங்க. வெறுங்கையில சொரண்டாதீங்க, நகம் போயிடும்."

நகம் அதற்குள் உடைந்திருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் பாத்ரூம் விளக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஆள் அசையாவிட்டால் தானாக அணைந்துவிடும் விளக்கு. என் மச்சினி இருட்டில் உட்கார்ந்துகொண்டு கத்தியதும், சாந்தி வெளியே நின்று "கைய ஆட்டு, கைய ஆட்டு, லைட்டு வரும்" என்று சொன்னதும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

இந்த வாரம் எழுதுவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கம்பியை நம்பி ஓர் ஆளைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறேன். பல பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதுதான் உண்மை என்பது அந்த மாடியில், கை நனைந்து நிற்கும்போது எனக்குத் தெரிந்தது. இனி அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேனா, சொன்னதால் அவருக்கு ஏதாவது ஆனதா என்பதுதான் இந்த வாரம்.

குருவிக் கூடு

முதலில் நான் எப்படி இப்படிப்பட்ட ஆளானேன் என்று சொல்ல வேண்டும். சாக்குச் சொல்வதற்காக அல்ல.

பால் குளிரூட்டும் நிலையத்தில் எனக்கு ஷிப்ட் வேலை. அங்கே கழித்துக் கட்டிய பேனல் போர்டுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் ரிலே என்றால் என்ன, டைமர் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். பாலிடெக்னிக் எல்லாம் போகவில்லை. டிவி ரிமோட்டால் வாசல் விளக்கை எரிய வைத்தபோது தெருவே வந்து பார்த்தது. அதோடு பைத்தியம் பிடித்துவிட்டது. கேட் திறந்தால் போனில் செய்தி வரும். பொழுது சாய்ந்தால் தோட்டத்து விளக்கு எரியும். அடுப்படியில் புகை அதிகமானால் காற்றாடி சுற்றும். இண்டூரில் எங்கள் வீட்டுக்கு "மிஷின் வூடு" என்று பேர்.

சந்தேகம் கேட்க ஆள் இல்லை. தர்மபுரியில் கடைக்காரனிடம் கேட்டால் பொருளை விற்பான், விளக்கம் விற்க மாட்டான். அதனால் போனில் ஓர் இங்கிலீஷ் குழுவில் சேர்ந்தேன். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அதில் இருந்தார்கள். ஓர் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை எழுதி, ஒட்டுப் பலகையில் நான் கட்டியிருந்த சர்க்யூட்டைப் போட்டோ எடுத்துப் போட்டேன்.

முதலில் வந்த பதில்: "இது சர்க்யூட்டா, குருவிக் கூடா?"

அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். இன்னொருவன் என் இங்கிலீஷைத் திருத்தி எழுதிப் போட்டான். என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. பிளாண்ட்டில் கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது. பால் வாடையும் அம்மோனியா வாடையும் கலந்த இடம். கண் எரிந்தது. அம்மோனியாவால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு தமிழ்க் குழு ஒன்று கிடைத்தது. கோயம்புத்தூர், மதுரை, துபாய், சிங்கப்பூர் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள். அங்கே என் தமிழைத் திருத்த யாரும் இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினேன். "இண்டூர் அண்ணன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு அட்மின் ஆக்கினார்கள். யார் எழுதலாம், எது இருக்கலாம், எதை அழிக்கலாம் என்று முடிவு செய்கிற இடம்.

குருவிக் கூடு என்று சொன்னவனை நான் மறக்கவே இல்லை. இனி யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது, இனி எனக்கு நடக்கக் கூடாது என்று. இரண்டும் வேறு வேறு.

எங்கள் பக்கத்துத் தண்ணீர்

எங்கள் பக்கம் தண்ணீர் இரண்டு வகை. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், குழாயில் வருகிறபோது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியது. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. தண்ணீர் காய்ச்சும் குண்டானின் அடியில் வெள்ளை ஏடு கட்டும். என் வயசுக்காரர்களின் கறை படிந்த பல்லைப் பார்த்தே இந்த மாவட்டத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

மாடி டேங்க்கில் ஏறுவது இந்தப் போர் தண்ணீர்தான்.

நான் செய்த சாதனம் ரொம்பச் சுலபமானது. டேங்க்கின் மூடியிலிருந்து வேறு வேறு நீளத்தில் எவர்சில்வர் கம்பிகள் தொங்கும். எந்தக் கம்பி வரை தண்ணீர் தொடுகிறதோ, அந்தக் கம்பியில் துளி கரண்ட் ஓடும். அதை வைத்துக் கீழே இருக்கும் போர்டு, டேங்க்கில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொள்ளும். எல்லாவற்றிலும் குட்டையான கம்பியைத் தண்ணீர் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும். மிதக்கிற பந்து இல்லை, சிக்கிக்கொள்ளும் கயிறு இல்லை. "ஒரு தடவ மாட்டிட்டு மறந்துடலாம்" என்று குழுவில் எழுதினேன். வரைபடத்தையும் போட்டேன்.

நிறையப் பேர் செய்து மாட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சலாம் போட்டு எழுதினார். அவருக்குக் கிடைப்பது மலைத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. அது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏனென்றால் என் வீட்டில் உப்புத் தண்ணீர். என் வீட்டிலேயே ஓடுகிறது. வருஷக்கணக்காக ஒரு சொட்டு சிந்தியதில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

களிஉருண்டை

நான் பொய்யன் என்று சொன்ன அந்த ஆள் குழுவில் வைத்துக்கொண்டிருந்த பெயர் அது. முதலில் அவர் எழுதியது நினைவிலிருந்து:

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே மாட்டினேன். கொஞ்ச நாள் சூப்பரா ஓடுச்சு. இப்ப டேங்க் ரொம்பினாலும் மோட்டார் நிக்க மாட்டேங்குது. கம்பியில வெள்ளையா ஏதோ படியுது. உப்புத் தண்ணிக்கு இது சரி வராதோன்னு ஒரு டவுட்."

எவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறார் என்று இப்போது படுகிறது. கோளாறு என்ன என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான்: நாலு பேர் முன்னால் என் டிசைனைக் குறை சொல்கிறான்.

"ஒயரிங்க ஒழுங்காப் பண்ணு. அப்புறம் டவுட்டு கேளு" என்று எழுதினேன்.

"நானும் உங்க பக்கம்தாண்ணா, பாப்பாரப்பட்டி. ஒரு நாள் வந்து உங்க வூட்ல பாத்துக்கட்டுமா?"

"என் வீடு எக்ஸிபிஷன் இல்ல."

ஒரு தடவை போனிலும் கூப்பிட்டார். பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டேன்.

பிறகு அவர் கம்பியின் போட்டோவைப் போட்டார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கூடவே எழுதியிருந்தார்: டேங்க் வழிந்து பக்கத்து வீட்டு வாசலில் காயப் போட்டிருந்த ராகி முழுக்க நனைந்துவிட்டது, அவர் வேலைக்குப் போயிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை, முளை கட்டிவிட்டது என்று.

அப்போதுதான் நான் அந்தப் பதிலை எழுதினேன். அதைத் திரும்ப எழுதவே கை கூசுகிறது.

"என் வீட்டிலும் இதே பூமி, இதே உப்புத் தண்ணி. எனக்கு வருஷக்கணக்கா ஓடுது. உனக்கு மட்டும் ஓடலைன்னா கோளாறு கம்பியில இல்ல, மாட்டின ஆள்கிட்ட. போட்டோவுக்குச் சுண்ணாம்பு தடவத் தெரியுது, ஒயர் இழுக்கத் தெரியல."

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. "களி தின்னா மூளையும் கட்டிப்பட்டுடும் போல" என்று ஒருத்தன் எழுதினான். நான் களி தின்று வளர்ந்தவன். அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

கடைசியாக அவர் எழுதியது: "நான் பொய் சொல்லலைண்ணா. வேணும்னே தண்ணிய வுட்டேன்னு பக்கத்து வூட்ல பேச்சு வார்த்தையே நிறுத்திட்டாங்க. டிசைன்லதான் பிரச்சினைன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதினா, அதக் காட்டி அவங்ககிட்ட சொல்லிக்குவேன்."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டார்.

அந்தத் திரி முழுவதையும் அழித்தேன். கேள்வி, போட்டோ, பதில் எல்லாம். ஆளையும் குழுவிலிருந்து நீக்கினேன். நல்ல டிசைனின் பெயரைக் கெடுக்க வந்தவன் என்று மற்றவர்களுக்கு ஒரு குறிப்பும் போட்டேன். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பின்ன பறந்தா போனேன்?"

இனி அந்த மாடிக்குத் திரும்ப வருகிறேன். புளியைக் கரைத்து ஒரு வாளியில் ஊற்றி, கம்பிகளைக் கழற்றி அதில் போட்டேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். வெள்ளை கரைந்து கம்பி பளபளத்தது. திரும்ப மாட்டினேன். மோட்டார் ஓடியது, டேங்க் நிரம்பியது, தானாக நின்றது. போர்டில் ஒரு குறையும் இல்லை; உப்புப் படிந்த கம்பியில் கரண்ட் ஓடவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் சாந்தியைக் கூப்பிட்டேன்.

"எப்பத்துலருந்து இதத் தேய்ச்சுக்கிட்டு இருக்க?"

"அதுவா, நீங்க மாட்டின கொஞ்ச நாள்லருந்தே."

"அந்த ஏணியில ஏறியா?"

"பின்ன பறந்தா போனேன்?"

மாடியிலிருந்து டேங்க் மேடைக்குப் போக நான் பற்றவைத்த இரும்பு ஏணி. சுவரோடு ஒட்டி நிற்கும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. நானே பார்த்துப் பார்த்துத்தான் ஏறுவேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

குழந்தையை யாரிடமோ கொடுக்கும் சத்தம் கேட்டது.

"சொன்னேங்க. மொதவாட்டி வழிஞ்சப்ப சொன்னேன். 'நீ சுவிட்சத் தொட்டிருப்ப, மிஷினப் பத்தி உனக்கு என்ன தெரியும்'னு கத்துனீங்க. சரின்னு மறுநா மேல ஏறிப் பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு. குத்துவெளக்குத் தேய்க்கற மாதிரி தேய்ச்சேன், சரியாப் போச்சு. அதுக்கப்புறம் சொல்றதுக்கு என்னா இருக்குது? சொன்னா நீங்க கத்துவீங்க. தேய்ச்சா வேல முடிஞ்சுது. நீங்க டூட்டிக்குப் போனதும் ஏறித் தேய்ச்சுட்டு எறங்கிடுவேன்."

எனக்கு என்ன வந்தது தெரியுமா? வெட்கம் அல்ல. கோபம். அவள் மேல்.

"வாய் இல்லையா உனக்கு? நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன், நீ பாட்டுக்கு..." என்று கத்தினேன்.

"பாத்தீங்களா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். எதிர்பார்த்த பஸ் வந்து நின்ற மாதிரி.

பிறகு அவளே, "அந்த குரூப்புல இருக்கறவங்ககிட்ட போன்ல பேசுவீங்களே, ஒரு சொட்டு சிந்தினதில்லன்னு. அப்ப மொகம் நல்லா இருக்கும். வூட்ல அந்த மொகத்த அதிகம் பாக்க முடியாதுங்க. அதான் தேய்ச்சேன்னு வெச்சுக்கங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டாள். நான் அடுப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புளி வாடை கையைவிட்டுப் போகவில்லை.

அழித்தது அழித்ததுதான்

குழுவில் எழுதினேன். "என் கம்பி டிசைன் உப்புத் தண்ணீருக்கு ஆகாது. என் வீட்டில் அது ஓடியதற்குக் காரணம் என் மனைவி கம்பிகளைத் தேய்த்து வைத்தது. எனக்குத் தெரியாது. களிஉருண்டை சொன்னது சரி. நான் சொன்னது தப்பு."

முதல் பதில்: "அண்ணன் ஐடிய எவனோ ஹேக் பண்ணிட்டான். யாரும் லிங்க்கத் தொடாதீங்க."

நான்தான் எழுதினேன் என்று நம்ப வைக்கவே நேரமானது. நான் தப்பு என்று எழுதி யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை உட்கார வைத்தது. திருப்பத்தூர்க்காரர் ஒருவர் தன் டேங்க்கும் இப்படித்தான் வழிந்தது என்று எழுதினார். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டதாக எழுதினார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "களிஉருண்டைக்கு நடந்ததப் பாத்துட்டுத்தான் அண்ணே சும்மா இருந்துட்டோம்" என்று பதில் வந்தது.

வீட்டில் ஒருத்தி. குழுவில் இத்தனை பேர். எல்லோரும் ஒரே காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அதை என் டிசைனின் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மன்னிப்பை அவருடைய கேள்விக்குக் கீழேயே எழுதியிருக்க வேண்டும். அந்தத் திரி இல்லை. நான் அழித்தது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று குழுவை நடத்துகிறவரிடம் கேட்டேன். முடியாது என்றார்.

போனில் பழைய எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க."

"நான் இண்டூருலருந்து..."

"தெரியுதுங்க. நம்பர் சேவ் பண்ணித்தான் வெச்சிருக்கேன்."

"நீங்க சொன்னது சரிதாங்க. கம்பியில உப்புதான்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம். பள்ளிக்கூடம் போல. "இப்பக் கிளாஸ் இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

பாப்பாரப்பட்டி

வண்டியில் போனால் அரை மணி கூட ஆகாத ஊர். அவ்வளவு பக்கத்தில் இருந்த ஆளைத்தான் வராதே என்று சொல்லியிருக்கிறேன்.

பெயர் மாதேஷ். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் நினைத்ததைவிட இளையவர். என்னை உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். அவர் மனைவி கதவோரம் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வையே போதும் என்று எழுந்து வந்திருக்கலாம்.

குழுவில் எழுதியதைப் போனில் காட்டினேன். நிதானமாகப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லதுங்ண்ணா. ஆனா அதுல இருக்கறவங்க யாரும் எங்க தெருவுல இல்லியே."

போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"பக்கத்து வூட்டு முனியம்மாக்காவுக்கும் எங்களுக்கும் மொதல்லயே செவுத்துத் தகராறு. அது சரியாகி, நல்லாப் பேசிட்டு இருந்தப்பத்தான் ராகி நனைஞ்சுது. பழசுக்குப் பழி தீர்க்கத் தொறந்து வுட்டேன்னு நெனைச்சுட்டாங்க. போன தை மாசம் அவங்க பொண்ணுக்குக் கல்யாணம். தெருவுல எல்லா வூட்டுக்கும் பத்திரிகை வெச்சாங்க. எங்க வூட்டத் தாண்டிப் போனாங்க. அந்தப் புள்ள எங்க வூட்லதான் கணக்குப் படிச்சுது."

சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவங்ககிட்ட வந்து சொல்றீங்களா?"

குழுவில் எழுதுவது வேறு. அங்கே என் முகம் யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாசலில் நின்று இதைச் சொல்வது வேறு. ஆனால் இவர் அன்றைக்குக் கேட்ட அந்த ஒரு வார்த்தை இதற்குத்தான். போனேன். தான் வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று மாதேஷ் வரவில்லை.

முனியம்மா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"யாருய்யா? சீட்டா, லோனா? எதுவும் வேணாம், போ."

"ரெண்டும் இல்லீங்க. வாத்தியார் வூட்டு டேங்க் வழிஞ்சு உங்க ராகி நனைஞ்சுதில்லீங்களா..."

கை நின்றது.

"அவரு வேணும்னு வுடலீங்க. மோட்டாரத் தானா நிறுத்தற மிஷினு ஒண்ணு மாட்டியிருந்தாரு. அது நான் சொல்லிக் குடுத்தது. உப்புப் புடிச்சு நிறுத்தாம வுட்டுடுச்சு. தப்பு என்னுதுங்க."

"நீ வந்து மாட்டினியா?"

"இல்லீங்க. போன்ல எழுதினேன். அவரு பாத்து மாட்டிக்கிட்டாரு."

"அவன உனக்கு எப்பத்துலருந்து பழக்கம்?"

"இன்னிக்குத்தாங்க மூஞ்சியப் பாக்கறேன்."

"நல்லாருக்குது போ! மூஞ்சி தெரியாதவன் சொன்னான்னு மோட்டாரக் குடுத்துட்டு பள்ளிக்கொடம் போயிட்டானா? இவன்கிட்டத்தான் எம்பொண்ணு கணக்குப் படிச்சாளா?"

சிரிக்கவில்லை. ஒரு மொச்சையை உரித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"கெட்டுப் போச்சுன்னு அவன் உங்கிட்ட சொல்லலியா?"

"சொன்னாருங்க."

"அதுக்கு நீ என்னா சொன்ன?"

"பொய் சொல்றாருன்னு சொன்னேங்க."

"ஏன்?"

"எங்க வூட்ல நல்லா ஓடுச்சுங்க."

"உங்கூரு எது?"

"இண்டூருங்க."

"அங்கியும் இதே தண்ணிதானய்யா? உனக்கு மட்டும் எப்படி ஓடுச்சு?"

இதே கேள்வியை நான் மாதேஷிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன், எகத்தாளமாக. இப்போது பதில் சொல்ல வேண்டியது நான்.

"எங்க வூட்டுக்காரி டேங்க் மேல ஏறி அந்தக் கம்பியத் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்குத் தெரியாது."

"எத்தினி நாளா?"

"வருசக்கணக்கா."

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வருசக்கணக்கா ஒரு பொம்பள வூட்டு மேல ஏறி எறங்குறா. உனக்குத் தெரியாது."

"ஆமாங்க."

"அவ சொல்லவே இல்லியா?"

"சொன்னா நான் கத்துவேன்னு சொல்லலையாம்."

"கத்துவியா?"

"கத்துவேங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்து சுவரோரம் போனார்.

"மாதேசு!"

"அக்கா" என்று உடனே குரல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"இந்தாளுகிட்டயா இத்தன பேச்சு வாங்குன? இத அப்பவே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா ஆகாதா?"

"வந்தேன்க்கா. நீதான் கதவச் சாத்திட்ட."

முனியம்மா சுவர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சாத்தினேன்தான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வா. உம்பொண்டாட்டியயும் கூட்டிக்கிட்டு வா."

அவர்கள் வந்தார்கள். மாதேஷின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

உள்ளே போகும்போது முனியம்மா திரும்பி, "உம்பொண்டாட்டி இப்ப எங்க?" என்று கேட்டார்.

"ஓசூருல, மக வூட்லங்க."

"வருவாளா?"

"மகளுக்குப் பிரசவங்க, அதான் போயிருக்கா. அடுத்த மாசம் வந்துடுவா."

"நான் அதக் கேக்கலய்யா" என்றார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. உள்ளே போய் மகளின் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து மாதேஷின் மனைவி மடியில் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனேன். அங்கே ஸ்டார்ட் செய்தால் அவர்களுக்குச் சத்தம் கேட்காது.